ஆனைமுடித் தவளையும் அரங்கத்து வயலும்

(வேளாண் பெருமக்களுக்கான வானொலி உரை)



ஸ்ரீரங்கம், அந்தநல்லூர், லால்குடிப் பக்கத்து விவசாயிகளுக்குத் தவளையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று ராத்திரியே வயல் முழுக்கக் கச்சேரி ஆரம்பமாகிவிடும். நாற்றங்காலில், நடவு வயலில், வாழைக் கொல்லையின் வடிகாலில் என்று எங்கே ஈரம் உண்டோ அங்கே தவளை உண்டு. 'தவளை கத்தினால் மழை வரும்' என்பதும், வெளியுலகம் தெரியாதவனைக் 'கிணற்றுத் தவளை' என்பதும் நம் வீட்டுப் பேச்சுதான்.

இன்றைக்கு நான் சொல்லப்போவது அந்த வயல் தவளையின் தூரத்து உறவு ஒன்றைப் பற்றி. அது ஒரு காட்டுத் தவளை. ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். வசிக்கும் இடமோ மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மிக உயரமான ஆனைமுடிச் சிகரமும் அதைச் சுற்றியுள்ள மலைமேடுகளும். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர்.

"அதுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? நெல்லுக்கு என்ன உரம், வாழைக்கு என்ன மருந்துன்னு சொன்னாலாவது பிரயோஜனம் உண்டு" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அது தண்ணீர்ச் சம்பந்தம்.

முக்கொம்புக்கு வரும் தண்ணீர்

காவிரி என்றதும் நமக்குக் குடகும் மேட்டூரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மேட்டூரைத் தாண்டிய பிறகு பவானி, நொய்யல், அமராவதி என்று வரிசையாக ஆறுகள் வந்து காவிரியில் சேர்கின்றன. இவற்றில் அமராவதியின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

மூணாறுக்கு மேலே இரவிகுளம் என்று ஒரு மலைமேடு இருக்கிறது. கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம். ஆனைமுடி இந்த மேட்டின் தென்கோடியில் நிற்கிறது. மேட்டின் மேற்குப் பக்கம் விழும் மழை பெரியாற்றுக்குப் போகிறது. கிழக்குப் பக்கம் விழும் மழை சிற்றோடைகளாக இறங்கி, லக்கம் அருவியாக விழுந்து, மறையூர்ப் பக்கம் பாம்பாறாக ஓடுகிறது. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் சேர்ந்து அமராவதி அணைக்கு வருகின்றன. அங்கிருந்து உடுமலை, தாராபுரம், கரூர் என்று வழிநெடுக வயல்களுக்குப் பாய்ந்தது போக மிச்சம், திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. அப்புறம் மாயனூர் கதவணை, அதன் பிறகு முக்கொம்பு. முக்கொம்பில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிந்து, நடுவிலே ஸ்ரீரங்கத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது.

அந்த மலையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அரங்கத்துக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். ஆனாலும் அமராவதியில் வெள்ளம் வந்த நாளில் முக்கொம்பில் தண்ணீர் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றின் தாய்மடியில்தான் நம் கதாநாயகன் குடியிருக்கிறான்.

2010-இல் கிடைத்த விலாசம்

இந்தத் தவளை அங்கே எத்தனையோ காலமாக வாழ்ந்து வந்தாலும், விஞ்ஞான உலகம் அதற்குப் பெயர் வைத்தது 2010ஆம் ஆண்டில்தான். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.டி. பிஜுவும், அவருடன் பணியாற்றிய இந்திய, பிரெஞ்சு, பெல்ஜிய விஞ்ஞானிகளும், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இதை விவரித்து எழுதினார்கள். 'ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அர்த்தம் தெரிந்தால் பிடித்துப்போகும். முதல் பாதியில் இருக்கும் 'ராவ்', நம் நாட்டில் தவளை ஆராய்ச்சிக்கு முன்னோடியான சி.ஆர். நாராயண ராவ். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர்; அதே 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் அவரே. இரண்டாம் பாதிக்குப் 'பளபளவென்று ஜொலிப்பது' என்று பொருள். நாம் வசதியாக 'ஆனைமுடித் தவளை' என்றே வைத்துக்கொள்வோம்.

ஜொலிப்பது என்ற பெயர் பொருத்தமானதுதான். உடம்பு முழுக்கச் செந்தூரமும் ஆரஞ்சும் கலந்த நிறம். முதுகிலும் விலாவிலும் கால்களிலும் கொப்புளம் கொப்புளமாகச் சுரப்பிகள் புடைத்திருக்கும். கால்கள் மிகவும் குட்டை. அதனால் நம் வயல் தவளை மாதிரி ஒரே தாவலில் வரப்பைத் தாண்டிக் குதிக்க அதனால் முடியாது. புல்லுக்குள் மெல்ல மெல்ல நகர்ந்து போகும். புல் கொத்தின் அடியிலும், அந்த உயரத்தில் வளரும் குட்டை மூங்கில் புதரின் தூரிலும்தான் அதன் வாசம்.

தலைப்பிரட்டை இல்லாத தவளை

நம் ஊர்த் தவளை தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். அதிலிருந்து வாலோடு தலைப்பிரட்டை வரும். கொஞ்ச நாள் மீன் மாதிரி செவுளால் சுவாசித்து, அப்புறம் கால் முளைத்து, வால் சுருங்கி, தவளையாகிக் கரையேறும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனைமுடியில் அப்படி நடக்க வழியில்லை. செங்குத்தான சரிவு. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். தலைப்பிரட்டை நீந்துவதற்குக் குட்டை ஏது? அதனால் இந்த இனம் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. மூங்கில் தூரின் அடியில், ஈர மண்ணும் சருகும் கிடக்கும் இடத்தில் முட்டை வைக்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே வரும்போது தவளைக்குஞ்சாகவே வருகிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதிலேதான் அதன் பலவீனமும் இருக்கிறது. கோழி முட்டைக்கு ஓடு உண்டு. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது, வெறும் வழவழப்பான கூழ்தான். குஞ்சு வரும்வரை சுற்றிலும் ஈரம் இருந்தே ஆகவேண்டும். மழை இடைவெளி விட்டாலோ, பனிமூட்டம் குறைந்தாலோ, மேலே மூடியிருக்கும் புதர் போய் வெயில் பட்டாலோ, முட்டை உலர்ந்துவிடும். நாற்றங்காலில் விதை முளைக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும்.

தோலே மூக்கு, தோலே வாய்

தவளை இனம் முழுவதற்குமே இன்னொரு பலவீனம் உண்டு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தாலும், மூச்சில் ஒரு பங்கைத் தோலே பார்த்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் தோல் மெல்லிசாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய தோல் தண்ணீரை மட்டும் உள்ளே விடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் விஷத்தையும் சேர்த்தே உள்ளே விட்டுவிடும். அதனால்தான் ஓர் இடத்தின் நீரும் மண்ணும் கெட ஆரம்பித்தால், பெரிய பிராணிகளுக்குத் தெரிவதற்கு முன்னால் தவளைக்குத் தெரிந்துவிடுகிறது.

உலகத்தில் 8,000-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய மதிப்பீடு, இவற்றில் நூற்றுக்கு 41 இனங்கள் அழிவு அபாயத்தில் இருப்பதாகச் சொல்கிறது. பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசமான நிலை இது.

போக இடமில்லை

ஆனைமுடித் தவளையைக் கண்டறிந்தபோது அது வசித்த பரப்பு மிகச் சிறியதாக இருந்ததால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பிற்பாடு நடந்த தேடலில் அதே மலைமேட்டில் இன்னும் சில இடங்களிலும் அது இருப்பது தெரிந்தது. ஆறுதலான செய்திதான். ஆனாலும் மொத்த உலகத்திலும் அதற்குச் சொந்தம் அந்த ஒரு மலைக்கூட்டம்தான்.

இதில் என்ன ஆபத்து? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அப்படியானால், பூமி ஒரு டிகிரி சூடானால், பழைய குளிர்ச்சி வேண்டும் ஜீவன் சுமார் 150 மீட்டர் மேலே ஏறவேண்டும். மலையடிவாரத்துத் தவளை ஏறிக்கொள்ளலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? பக்கத்து மலைக்குப் போகலாமென்றால் நடுவிலே பள்ளத்தாக்கு, வெயில், தேயிலைத் தோட்டம், ரோடு. குதிக்கக்கூட முடியாத குட்டைக் காலை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது. கிணற்றுத் தவளையையாவது வாளியில் தூக்கி வெளியே விடலாம்.

இது வீண் பயம் இல்லை. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா நாட்டின் மான்டெவெர்டே என்ற மலையில், மேகம் தவழும் காட்டில், தங்கத் தேரை என்று ஓர் இனம் இருந்தது. அதுவும் ஆரஞ்சு நிறம், அதுவும் ஒரே மலைக்குச் சொந்தம். 1966-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1987-இல் 1,500-க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார்கள். 1989-இல் பார்த்தது ஒரே ஓர் ஆண் தேரையை. அதற்குப் பிறகு இல்லை. வறட்சியும் நோயும் சேர்ந்து வேலையைக் காட்டின என்று கருதுகிறார்கள்.

அந்த நோயையும் தெரிந்துகொள்ளுங்கள். 'கைட்ரிட்' என்ற பூஞ்சாளம் தவளையின் தோலில் பிடித்து, உப்புச் சத்துகளின் சமநிலையைக் கெடுத்து, இதயத்தை நிறுத்திவிடுகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பூஞ்சாளத்தால் உலகெங்கும் 501 இனங்கள் குறைந்துவிட்டன, அவற்றில் 90 இனங்கள் அற்றே போயின என்று கணக்குச் சொல்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இது காணப்பட்டிருக்கிறது. ஈர மண்ணோடும் தண்ணீரோடும் இது இடம்விட்டு இடம் போகும்.

புல்லைக் காத்தால் தவளை பிழைக்கும்

சரி, பாதுகாப்பது எப்படி? பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கலாமா? அப்படியும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் கிஹான்சி என்ற அருவிச் சாரலில் ஒரு குட்டித் தேரை வாழ்ந்தது. மின்சாரத்துக்காக 2000ஆம் ஆண்டில் ஆற்றைத் திருப்பியதும் சாரல் நின்றது, தேரை ஒழிந்தது. நல்லவேளையாக அதற்கு முன்பே கொஞ்சத்தைப் பிடித்து அமெரிக்க மிருகக்காட்சிச் சாலைகளில் வளர்த்திருந்தார்கள். அருவி இருந்த இடத்தில் நம் தெளிப்பு நீர்ப்பாசனம் மாதிரி குழாய் போட்டுச் சாரலை உண்டாக்கி, 2012-இல் தேரைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு பாடு! இருக்கும் இடத்தைக் கெடாமல் வைத்திருப்பது அதைவிட எத்தனையோ மலிவு.

ஆனைமுடித் தவளையின் இடம் என்பது சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்த மலைமேடு. பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலை. மேடுகளில் இடுப்பளவு புல். மழை வலுத்துப் பெய்யும்போது இந்தப் புல்லும் சோலையும் அடியிலுள்ள கறுப்பு மண்ணும் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். தவளை முட்டையை ஈரமாக வைத்திருப்பதும் அந்தக் கசிவுதான்; பாம்பாற்றில் கோடையிலும் நீர் ஓட வைப்பதும் அதே கசிவுதான்.

மூணாறு, நீலகிரி, பழனி மலைகளில் இப்படிப்பட்ட புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலையாகவும் தைலமரமாகவும் வேட்டில் மரமாகவும் மாறிவிட்டது. இரவிகுளம் தப்பியதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. தோட்டத்துத் துரைமார்கள் வேட்டைக்காக அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள்! 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற சில காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. பயணிகளை ராஜமலைப் பக்கம் மட்டுமே விடுகிறார்கள். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதையும் மூடிவிடுகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பூங்கா ஏற்பட்டது வரையாட்டுக்காக. 1978-இல் இப்படி ஒரு தவளை இருப்பது விஞ்ஞானிகளுக்கே தெரியாது. ஆட்டுக்காகப் புல்லைக் காத்தார்கள். 32 வருஷம் கழித்துப் பார்த்தால் புல்லுக்குள்ளே தவளையும் பிழைத்துக் கிடந்தது. ஓர் இடத்தைக் காப்பாற்றினால், நமக்குப் பேர் தெரியாத ஜீவன்களும் அதிலே காப்பாற்றப்படுகின்றன.

நம் வயல் தவளைக்கு வந்த கஷ்டம்

மலைத் தவளைக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதி அமோகமாக நடந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் வரை போயிற்று. வயல்களில் ராத்திரி விளக்கு வைத்துக் கோடிக்கணக்கில் பிடித்தார்கள். ஒரு பக்கம் தவளைக்கால் விற்ற காசு. இன்னொரு பக்கம் பூச்சிமருந்து வாங்கும் காசு. இதிலே லாபம் யாருக்கு என்று கேள்வி எழுந்தது. 1985-இல் பெருந்தவளையும் பச்சைத் தவளையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-இல் இந்திய அரசு ஏற்றுமதிக்கே தடை போட்டது. இன்றைக்கும் நம் வயலில் பெருந்தவளை உறுமுகிறது என்றால் அந்தத் தடைக்கும் அதில் பங்கு உண்டு.

தவளை பூச்சியெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். அதற்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் தெரியாது, சிலந்தியையும் தின்னும். ஆனாலும் அந்துப்பூச்சி, தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி என்று ராத்திரி முழுக்க அது செய்யும் வேலைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. பயந்துபோய் மருந்து அடிக்காதீர்கள். எண்ணிப் பார்த்து அடியுங்கள். நெல்லில் தண்டுத்துளைப்பானால் நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்தாலோ, நூற்றுக்கு இரண்டு வெண்கதிர் வந்தாலோதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இலைச்சுருட்டுப் புழு வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலையைத் தாக்கும்வரை பொறுக்கலாம். 

2. தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் வாய்க்காலில் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் தலைப்பிரட்டை மூச்சு விடுகிறது. அடுத்த வயல்காரரின் மாடும் அதைத்தான் குடிக்கிறது.

3. வரப்பை வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள். வாய்க்கால் கரை ஓரத்தில் கொஞ்சம் புல் நிற்கட்டும். பகல் வெயிலில் தவளை பதுங்குவதற்கு அதுதான் இடம்.

4. பண்ணைக்குட்டை வெட்டினால் ஒரு பக்கம் சரிவாக விடுங்கள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையானால் ஒரு கயிறோ பலகையோ சாய்த்து வையுங்கள். விழுந்த ஜீவன் ஏறி வெளியே வரட்டும்.

5. துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையோ, கொல்லிமலையோ, மூணாறோ போனால் புல்வெளியில் பீடித் துண்டு போடாதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். ஒரு மலையின் சேற்றோடு இன்னொரு மலைக்குப் போகாமல் செருப்பைக் கழுவிவிட்டுப் போங்கள். பூஞ்சாளம் அதிலேதான் சவாரி செய்கிறது. அழகாக இருக்கிறதே என்று தவளையைக் கையில் எடுக்கவும் வேண்டாம்.

இடம் கொடுத்தால் ஜீவன்கள் தானே வரும் என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறை 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. செடியை வைத்தார்கள், பூச்சி வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆனைமுடித் தவளை நம் வயலுக்கு என்றைக்கும் வரப்போவதில்லை. நாமும் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது உயிரோடு இருக்கிறது என்றால், அந்த மலையில் புல் இருக்கிறது, பனி இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அமராவதியில் தண்ணீரும் இருக்கும் என்று அர்த்தம். அதனால் மலைமேல் காட்டைக் காப்பது பற்றிப் பேச்சு வரும்போது, "அது மலைக்காரன் பாடு" என்று ஒதுங்காமல், நம் மடைத் தண்ணீரின் பேச்சு என்றே நினைத்துப் பேசுங்கள்.